16 அடி, 64 வரி, ஒரு சாதாரண நாள்

ஓம் சரவணபவ.

போன வாரம் ஒரு தம்பி எனக்குத் தனியா ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான். பேர் வேண்டாம். "அண்ணா, 48 நாள் விடாம வேல்மாறல் படிச்சேன். கேட்ட வேலை கிடைச்சிருச்சு. ஜாயின் பண்ணி மூணு மாசம் ஆச்சு. ஆனா எதுலயும் ஒரு சந்தோஷம் இல்ல. தினமும் அதே ரூம், அதே மெஸ் சாப்பாடு, அதே லேப்டாப். முருகன் கொடுத்த பிறகும் இப்படித் தோணுறது பாவமா?"

ரெண்டு வரியில பதில் போட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல. இதே கேள்வியைத் தூக்கிக்கிட்டு நானும் ஒரு வருஷம் சுத்தியிருக்கேன். அதனால இதையே இந்த வாரப் பாடமா எழுதறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பாவம் இல்ல தம்பி. கேட்டது கிடைச்ச பிறகு மனசு காலியா இருக்கிறது நம்ம நிறைய பேருக்கு நடக்குது. யாரும் ஸ்டேட்டஸ்ல போடறது இல்ல, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வந்த மெயில்

எனக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல். வேலை சென்னையில, ஓ.எம்.ஆர். ரோட்டுல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி டீம் லீட் ஆகணும்னு ஒரு வெறி இருந்துச்சு. நானும் 48 நாள் வேல்மாறல் எடுத்தேன். வெங்காயம், பூண்டு விட்டேன். ரூம்ல இருக்கிற பசங்க கிண்டல் பண்ணாலும் காலையில நாலரைக்கு எழுந்து படிச்சேன்.

கிடைச்சுது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயில் வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி வடபழனி போய்க் கும்பிட்டேன். சனி, ஞாயிறு வானத்துல பறந்தேன். திங்கட்கிழமை மதியம் மீட்டிங்ல உட்கார்ந்திருக்கும்போது ஒரு எண்ணம் வந்துச்சு: "சரி, அடுத்து என்ன?" அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு மூணு நாள்.

அப்புறம் மேனேஜர் ஆகணும்னு இன்னொரு விரதம். நடுவுல தூக்கம் போச்சு. பூஜை பண்ணும்போதும் மனசு, "இது நடக்குமா, எப்போ நடக்கும்"னுதான் ஓடிச்சு. முருகன்கிட்ட நான் பேசின விதத்தை இப்ப நினைச்சா வெட்கமா இருக்கு. ஆஃபீஸ்ல டிக்கெட் போடுவோம் இல்லையா? அதே மாதிரி ஒரு டிக்கெட் போட்டுட்டு, க்ளோஸ் ஆச்சான்னு தினமும் செக் பண்ணிக்கிட்டு இருந்தேன்.

அந்த நிலைமையிலதான் வீட்ல இருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கிட்டு ஒரு மூணு மாசம் ஊருக்கு வந்தேன். எனக்குப் பாடம் கிடைச்சது இங்கதான்.

அப்பாவுக்க கட்டஞ்சாயா

எங்க அப்பா ரப்பர் பால்வெட்டு தொழிலாளி. அடுத்தவங்க தோட்டத்துல முப்பது வருஷமா வெட்டுறாங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி மரத்துல பால் நல்லா ஓடும். அதனால விடியறதுக்கு முன்னாடியே நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. மரத்தோட பட்டையில சரிவா ஒரு மெல்லிய சீவல். கீழே கட்டியிருக்கிற சிரட்டையில பால் சொட்டும். கொஞ்சம் ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், அந்த இடத்துல பட்டை சரியா வளராது. கொஞ்சம் மேலோட்டமாப் போனா பால் வராது. ஒவ்வொரு மரத்துலயும் ஒவ்வொரு நாளும் அதே கணக்கு.

கூட வேலை செய்யற அண்ணனுக்கு உடம்பு சரியில்லாம போனதால, சிரட்டையில இருந்து பாலை வாளியில ஊத்திச் சேர்க்க ஒரு வாரம் நான் போனேன். ரெண்டாவது நாள் கத்தியைக் கேட்டேன். அப்பா தோட்டத்து ஓரத்துல நின்ன ஒரு வயசான மரத்தைக் காட்டி, "இதுல பாரு"ன்னாங்க. நான் ஸ்பீடா ஒரு இழுப்பு இழுத்தேன். பட்டைக்குள்ள போய் மரமே தெரிஞ்சுது. அப்பா திட்டல. அந்தக் காயத்தை விரலால தடவிப் பார்த்துட்டுச் சொன்னாங்க: "மக்களே, வெப்ராளப்பட்டா மரம் கூடுதலாத் தராது. அதுக்க நேரத்துலதான் தரும்."

எல்லா மரமும் வெட்டி முடிஞ்சதும் பால் சொட்டி முடியற வரைக்கும் ஒரு காத்திருப்பு உண்டு. அப்பா ஒரு பாறையில உட்கார்ந்து ஃபிளாஸ்க்ல கொண்டுபோன கட்டஞ்சாயாவை ஊத்திக் குடிப்பாங்க. அப்பதான் வெளிச்சம் வரும். சுத்திலும் சிரட்டையில பால் சொட்டுற சத்தம் மெல்லக் கேட்கும். நான் வழக்கம்போல ஃபோனை எடுத்தேன். அப்பா, "கொஞ்சம் சும்மா இரி. இது எனக்குள்ள நேரம்"னாங்க.

முப்பது வருஷமா அவங்களுக்கு இப்படி ஒரு நேரம் இருந்திருக்கு. அவங்க மகனான எனக்கு அது தெரியாது. ஞாயித்துக்கிழமை மூணு நிமிஷம் ஃபோன்ல பேசுற மகனுக்கு எப்படித் தெரியும்?

பக்கத்து ஸ்டேட் லாட்டரி

எங்க ஊருக்குப் பக்கத்துல களியக்காவிளை தாண்டினா கேரளா. அங்க லாட்டரி அரசாங்கமே நடத்துது, 1967-லயே ஆரம்பிச்சது. தமிழ்நாட்டுல 2003-ல லாட்டரியைத் தடை பண்ணிட்டாங்க. "ஒரு பம்பர் அடிச்சா எல்லாம் சரியாயிடும்"ங்கிற பேச்சை எங்க பக்கத்து டீக்கடையில கேட்காம வளர்ந்தவங்க கிடையாது.

இதைப் பத்தி 1978-ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. பிலிப் பிரிக்மன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளரும் அவரோட கூட்டாளிகளும் இல்லினாய்ஸ்ல பெரிய தொகை லாட்டரி ஜெயிச்ச 22 பேரையும், ஜெயிக்காத 22 பேரையும் பேட்டி எடுத்தாங்க. ஜெயிச்சவங்க மத்தவங்களை விடப் பெருசா சந்தோஷமா இல்ல. நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அடுத்த முடிவைப் படிச்சப்பதான். காலை டிபன் சாப்பிடறது, நண்பன்கிட்ட பேசறது, ஒரு ஜோக் கேட்டுச் சிரிக்கிறது, இந்த மாதிரி அன்றாட விஷயங்கள்ல கிடைக்கிற சந்தோஷம் ஜெயிச்சவங்களுக்குக் குறைஞ்சு போயிருந்துச்சு. பெரிய சந்தோஷம் ஒண்ணு வந்து, சின்ன சந்தோஷத்தோட ருசியை எடுத்துட்டுப் போயிடுச்சு.

சின்ன ஆராய்ச்சிதான், அதை வச்சு உலகத்தையே அளக்க முடியாது. ஆனா என்னோட மூணு நாள் கதைக்கு அது அப்படியே பொருந்திச்சு.

இன்னொண்ணு 2010-ல வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட்னு ரெண்டு பேர் ஒரு ஐஃபோன் ஆப் வச்சு 2,250 பேர்கிட்ட அவங்க எதிர்பார்க்காத நேரத்துல கேட்டாங்க: இப்ப என்ன செய்யறீங்க, மனசு எங்க இருக்கு, சந்தோஷமா இருக்கீங்களா? 46.9 சதவீத நேரம் மனசு செய்யற வேலையில இல்ல, வேற எங்கயோ. மனசு அலையற நேரத்துல சந்தோஷமும் குறைவு. செய்யற வேலை என்னங்கிறதை விட, மனசு அதுல இருக்காங்கிறதுதான் அதிகமா முக்கியம்னு கண்டுபிடிச்சாங்க.

அப்பா இந்த ஆராய்ச்சியெல்லாம் படிச்சது இல்ல. கையில கத்தி இருக்கும்போது மனசு கத்தியில இருக்கணும்னு மட்டும் தெரியும்.

வேல்மாறல்ல இருக்கிற கணக்கு

இப்ப நம்ம தம்பி படிச்ச வேல்மாறலுக்கே வருவோம். படிக்கிற நிறைய பேருக்கு அது எப்படி உருவாச்சுன்னு தெரியாது. அருணகிரிநாதர் பாடின திருவகுப்புகள்ல ஒண்ணு வேல் வகுப்பு. அதுல 16 அடிகள். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் அந்த 16 அடிகளையே முன்னும் பின்னுமா மாத்தி மாத்தி அடுக்கி 64 வரியா தொகுத்துக் கொடுத்தார். அடி மாறி மாறி வர்றதாலதான் "மாறல்"னு பேர்.

ப்ரோக்ராம் எழுதற என் கண்ணுக்கு அது ஒரு லூப் மாதிரிதான் முதல்ல தெரிஞ்சுது. ஒவ்வொரு அடியும் நாலு தடவை வரும். புதுசா ஒரு வரி கூட உள்ள வராது. ஆனா 48 நாள் படிச்ச யாரையாவது கேட்டுப் பாருங்க. பத்தாவது நாள் கவனிக்காத ஒரு சொல் முப்பதாவது நாள் பளிச்சுனு தெரியும். வரி மாறல, படிக்கிறவன் கவனம் மாறுது.

நம்ம நாளும் அப்படித்தானே? எழுந்திருக்கிறது, குளிக்கிறது, சாப்பாடு, பஸ், வேலை, ஃபோன், தூக்கம். எண்ணிப் பார்த்தா ஒரு 16 விஷயம் தேறும். திங்கட்கிழமை ஒரு வரிசையில வரும், செவ்வாய்க்கிழமை வேற வரிசையில வரும். வேல்மாறல்ல அதே அடி திரும்ப வரும்போது நமக்கு அலுப்பு வர்றதில்ல, பக்தியோட சொல்றோம். அதே மனசு அதே மெஸ் இட்லியைப் பார்த்து, "திரும்பவுமா?"ன்னு கேட்குது. தம்பி, 48 நாள் நீ செஞ்சது வேலை வாங்குறதுக்கான கட்டணம்னு நினைச்சுட்டே. திரும்ப வர்றதைக் கவனத்தோட பார்க்க உனக்குக் கிடைச்ச பயிற்சி அது.

முருகனோட விலாசம்

அறுபடை வீடு எதெல்லாம்னு கேட்டா நம்ம எல்லாரும் மனப்பாடமா சொல்லுவோம். அந்தப் படைவீட்டு வரிசைக்கு அடிப்படையா இருக்கிறது நக்கீரர் பாடின திருமுருகாற்றுப்படை. மொத்தம் 317 அடி. அதோட கடைசிப் பகுதியான பழமுதிர்சோலையில நக்கீரர் ஒரு பட்டியல் கொடுக்கிறார், முருகன் எங்கெல்லாம் இருப்பான்னு. காடு, சோலை, ஆத்துக்கு நடுவுல இருக்கிற திட்டு, ஆறு, குளம், தெருக்கள் கூடுற சந்தி, பூத்து நிக்கிற கடம்ப மரம், ஊர் ஜனங்க கூடுற மன்றம்.

இதை முதல் தடவை உரையோட படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இது எங்க ஊர் மேப் மாதிரில்ல இருக்கு? தெருக்கள் கூடுற சந்தின்னா எனக்குக் கருங்கல் ஜங்ஷன். காலையில மீன் வாங்கிட்டுப் போறவங்க, ஸ்கூல் பிள்ளைங்க, பஸ்ஸுக்கு ஓடறவங்க. குளம்னா எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற குளம். நக்கீரர் காலத்துலயே முருகனுக்கு இவ்வளவு சாதாரணமான விலாசம் இருந்திருக்கு. நாமதான் திருச்செந்தூர் டிரிப் போட்டாத்தான் தரிசனம்னு நினைக்கிறோம். திருச்செந்தூர் போங்க, கண்டிப்பா போங்க. ஆனா வருஷத்துல 363 நாள் வேற எங்கயோதானே இருக்கப் போறோம்?

தினைப்புனத்துல வேலை செஞ்ச பொண்ணு

தக்கலை பக்கத்துல வேளிமலை அடிவாரத்துல குமாரகோவில் இருக்கு. எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு முருகன்னா முதல்ல ஞாபகம் வர்றது அந்தக் கோயில்தான். கருவறையில சுவாமி பக்கத்துல வள்ளி. முருகன் வள்ளியைச் சந்திச்சதும் கல்யாணம் பண்ணினதும் இந்த மலையிலதான்னு எங்க ஊர் ஐதீகம். வட தமிழ்நாட்டுல வள்ளிமலைக்காரங்களும் இதே சொல்லுவாங்க. அவங்களுக்கு அவங்க மலை, எங்களுக்கு எங்க மலை.

கதை எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒரு விஷயத்தைக் கவனிங்க. முருகன் வந்தப்ப வள்ளி என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்க? பரண் மேல நின்னு கவண்கல் வீசிக் கிளி விரட்டிக்கிட்டு இருந்தாங்க. தினைப்புனக் காவல், தினமும் அதே வேலை. முருகன் வேடனா வந்தார், வேங்கை மரமா நின்னார், கிழவனா வந்து தேனும் தினைமாவும் கேட்டார். தாகம் எடுக்குது, தண்ணி வேணும்னார். முருகன் வந்த வேஷம் எல்லாமே அந்தக் காட்டுல அன்றாடம் பார்க்கிறதுதான். வள்ளி தன் வேலை நடக்கிற இடத்துலயே இருந்தாங்க, முருகன் அங்க தேடி வந்தார்.

நம்ம வேலைக்கு நடுவுல ஒரு வயசானவர் தண்ணி கேட்டா, நாம ஃபோன்ல இருந்து கண்ணை எடுத்துப் பார்ப்போமா? கருங்கல் பஸ் ஸ்டாண்டுல, "இந்த பஸ் மார்த்தாண்டம் போவுமா மக்களே?"ன்னு கேட்ட ஒரு தாத்தாவை ஹெட்போனைக் கழட்டாம கடந்து போனவன் நான். அதான் கேட்கிறேன்.

போலீஸும் பொதுப்பணித்துறையும் எடுக்கிற காவடி

வெளியூர் நண்பர்கள் பல பேருக்கு இது தெரியாது. கார்த்திகை மாசம் கடைசி வெள்ளிக்கிழமை தக்கலையில இருந்து குமாரகோவிலுக்குக் காவடி போகும். அதுல ரெண்டு காவடி ரொம்ப விசேஷம். ஒண்ணு போலீஸ்காரங்க எடுக்கிறது, இன்னொண்ணு பொதுப்பணித்துறைக்காரங்க எடுக்கிறது. திருவிதாங்கூர் ராஜா காலத்துல இருந்து வர்ற வழக்கம். 1956 நவம்பர் 1-ல கன்னியாகுமரி தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு. ஆட்சி மாறினாலும் அந்த வழக்கம் நிக்கல. நாட்டுல குற்றம் குறையணும்னு போலீஸ் காவடி. மழை பெய்து விவசாயம் செழிக்கணும்னு பொதுப்பணித்துறை காவடி.

அவங்க எதுக்காக வேண்டிக்கிட்டாங்கன்னு பாருங்க. ப்ரமோஷனுக்காக இல்ல. தங்களோட வேலை ஊருக்கு நல்லா அமையணும்னு. குற்றம் குறைஞ்சா யாருக்கு நிம்மதி? ராத்திரி கடையடைச்சுட்டு நடந்து போற அக்காவுக்கு. தண்ணி வந்தா யாருக்கு லாபம்? வயல்காரனுக்கு. 1906-ல முடிஞ்ச பேச்சிப்பாறை அணையும், 1966-ல பறளியாத்துக்கு மேல 28 தூண்ல, 115 அடி உயரத்துல கட்டின மாத்தூர் தொட்டிப்பாலமும் இந்த மாவட்டத்து வயலுக்குத் தண்ணி கொண்டு போகுது. அங்க ஷட்டரைத் திறந்து மூடுற ஒரு ஊழியருக்கு அது தினமும் செய்யற அதே வேலைதான். கால்வாயோட கடைசியில இருக்கிற வயலை ஒரு தடவை மனசுல நினைச்சுட்டா அந்த வேலைக்கு வேற கனம் வந்துடும்.

இதை வச்சு என் வேலையையும் பார்த்தேன். நான் எழுதற கோட் ஒரு மருந்துக்கடை பில்லிங் சாஃப்ட்வேருக்குள்ள போகுது. மூணு வருஷமா அது எனக்கு வெறும் டிக்கெட் நம்பர். ஊர்ல இருந்தப்ப அம்மாவோட பிரஷர் மாத்திரை வாங்கப் போனேன். கடைக்கார அண்ணன் கம்ப்யூட்டர் ஹேங் ஆகி நிக்குது, வரிசையில எட்டு பேர், முன்னாடி ஒரு பாட்டி ஒரு காலை மாத்தி ஒரு கால்ல நிக்கிறாங்க. அது எங்க கம்பெனி சாஃப்ட்வேர் இல்ல. ஆனா எங்களோடது ஹேங் ஆனாலும் இப்படித்தானே ஒரு பாட்டி நிப்பாங்க? அன்னைக்கு வீட்டுக்கு வந்து, ரெண்டு மாசமா தள்ளிப் போட்ட ஒரு பிழையைச் சரி பண்ணேன். யாரும் பாராட்டல. ஆனா அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை

சின்ன சந்தோஷத்தைப் பத்திப் பேசும்போது ஒரு தப்பு நடக்கும். "இருக்கிறதை வச்சு சந்தோஷமா இரு"ன்னு சொல்லி, நியாயமா கிடைக்க வேண்டியதையும் கேட்கவிடாம பண்ணிடுவாங்க. நான் அதைச் சொல்ல வரல. மழை பெய்தா பால்வெட்டு கிடையாது, அன்னைக்குக் கூலியும் கிடையாது. ரப்பர் விலை விழுந்த வருஷங்கள்ல என் காலேஜ் ஃபீஸுக்கு அப்பா கடன் வாங்கினாங்க. "பாறையில சாயா குடிக்கிறது சுகம்னு சொல்றீங்களே, அப்ப கஷ்டமே இல்லையா?"ன்னு கேட்டேன். "கஷ்டம் கஷ்டம்தாம்ல. அதுக்காக சாயாவையும் கசக்க வைக்கணுமா?"ன்னாங்க. சம்பளம் கேளுங்க, நல்ல வேலை தேடுங்க, அதுக்காக முருகன்கிட்ட வேண்டவும் செய்யுங்க. வேண்டுதல் நிறைவேறுற வரைக்கும் வாழ்க்கையை பாஸ்ல போட்டு வைக்காதீங்க.

இன்னொண்ணு. வாரக்கணக்குல தூக்கம் இல்ல, சாப்பாடு இறங்கல, வாழவே பிடிக்கலன்னு தோணுதுன்னா அது பக்திக் குறைவு கிடையாது. டாக்டரைப் பாருங்க. 14416-ன்னு மத்திய அரசோட டெலி மானஸ் நம்பர் இருக்கு, கூப்பிட்டா தமிழ்லயே பேசுவாங்க. நானும் ஒரு டாக்டர்கிட்ட போனேன். திருநீறு பூசிக்கிட்டே போனேன், ரெண்டுக்கும் சண்டை வரல.

இந்த வார சாதகம்

அடுத்த செவ்வாய்க்கிழமை வரைக்கும் இந்த நாலு விஷயத்தைச் செஞ்சு பாருங்க.

1. உங்க நாள்ல திரும்பத் திரும்ப வர்ற 16 விஷயத்தை ஒரு பேப்பர்ல எழுதுங்க. பல் தேய்க்கிறதுல இருந்து லைட் அணைக்கிற வரைக்கும். இதுதான் உங்களோட வேல் வகுப்பு.

2. தினமும் அதுல ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கோங்க. அதைச் செய்யும்போது ஃபோன் வேண்டாம். மனசுக்குள்ள சரவணபவ சொல்லிக்கிட்டு முழுக் கவனத்தோட செய்யுங்க. மனசு ஓடும், திரும்பக் கூப்பிடுங்க. வேல்மாறல்ல வரி விட்டுப்போனா திரும்பப் பிடிக்கிறோம் இல்லையா, அதே மாதிரி.

3. உங்க வேலை கடைசியில யார்கிட்ட போய்ச் சேருதுன்னு ஒரு முகத்தைக் கண்டுபிடிங்க. படிக்கிற பிள்ளைங்களா இருந்தா, உங்க படிப்புக்காக இன்னைக்குக் காலையில யார் எத்தனை மணிக்கு எழுந்தாங்கன்னு கேட்டுப் பாருங்க.

4. ராத்திரி விளக்கு முன்னாடி ஒரு வேண்டுதல் வைக்கிறதுக்கு முன்னாடி, இன்னைக்குக் கிடைச்ச ஒரு சின்ன விஷயத்தை முருகன்கிட்ட சொல்லுங்க. "இன்னைக்கு மட்டிப்பழம் நல்லா இனிச்சுது முருகா"ன்னு சொன்னாக்கூடப் போதும். அவன் கேட்டுப்பான்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. அந்த மெஸ் இட்லியை நாளைக்கு ஃபோன் இல்லாமச் சாப்பிடு. சட்னி நல்லா இருந்தா பரிமாறின அண்ணன்கிட்ட சொல்லு. நல்லா இல்லன்னா எனக்கு மெசேஜ் பண்ணு, நாம ரெண்டு பேரும் சேர்ந்து திட்டலாம்.

நான் திரும்ப சென்னைக்கு வந்துட்டேன். மேனேஜர் இன்னும் ஆகல. காலையில ஆறு மணிக்கு பால்கனியில ஒரு கட்டஞ்சாயாவோட உட்கார்ந்து அப்பாவுக்கு ஃபோன் பண்றேன். அந்த நேரம் அவங்க பாறையில இருப்பாங்க. ரெண்டு பேரும் பெருசா ஒண்ணும் பேசிக்க மாட்டோம். நல்லாக் கவனிச்சா ஃபோன்ல பின்னாடி பால் சொட்டுற சத்தம் கேட்கும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

வேலும் மயிலும் துணை.